மூன்று தரம் கேட்கிறவள்

அவளிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லித் தப்பிய ஆட்கள் எங்கள் ஊரில் அதிகம் இல்லை. எங்கள் ஊர் என்று நான் சொல்வது ஜெர்மனியில் வுப்பர்டாலிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம் தள்ளி இருக்கிற ஒரு சின்ன இடம். ஒரு சேர்ச், இரண்டு சூப்பர்மார்க்கெட், ஒரு பல் டொக்டர். மேட்டுப் பக்கம் அகதிகளைத் தங்க வைக்கிற பழைய கட்டடம் ஒன்று. அதை எல்லோரும் ‘ஹைம்’ என்பார்கள். ஆறு வருடத்துக்கு முன் அவள் அங்கேதான் வந்து சேர்ந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். தனி ஆள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சேர்ச் மண்டபத்தில் அகதிகளுக்கென்று காப்பி வைப்பார்கள். ஊர்க் கிழடுகள்தான் கூட வரும். அவள் ஒரு நாள் என் வீட்டு ஓவனில் வெந்த அப்பிள் கேக் கொண்டுவந்தாள். தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் தட்டின்மேல் கையை வைத்து மூடிக்கொண்டு “நைன், டாங்க” என்றார். வேண்டாம், நன்றி. அவள் சிரித்தாள். மேசையைச் சுற்றி மற்றவர்களுக்கு வைத்துவிட்டுத் திரும்ப அவரிடம் வந்தாள். “நைன், டாங்க.” இன்னொரு சுற்றுப் போய் வந்தாள். மூன்றாம் தரம் அந்த மனிசனின் கையைப் பக்குவமாகத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத் தட்டில் கேக்கை வைத்தாள். எனக்கு மானம் போயிற்று. தபால்காரர் கேக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு சாப்பிட்டார். போகும்போது கடுதாசியில் சுற்றி இன்னொரு துண்டும் வாங்கிக்கொண்டு போனார்.

திரும்பி நடக்கும்போது நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

“பிள்ளை, அந்த மனிசன் வேண்டாம் எண்டுதானே சொன்னவர்?”

“ஓம் அக்கா, சொன்னவர்தான்.”

“அப்ப ஏன் வச்சனீ?”

“ஒருக்காக் கேட்டவுடன தா எண்டு சொல்ல அவர் என்ன பஞ்சத்திலயோ இருக்கிறார்? நாங்கள்தானே பாத்துக் கேக்க வேணும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சொன்னது எங்கள் ஆட்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. முதல் தரம் வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாம் தரம் வேண்டாம் என்பதும் மரியாதைதான். மூன்றாம் தரம் கேட்டால்தான் கேட்டதாகக் கணக்கு. நானும் அப்படி இருந்தவள்தான். இந்த நாட்டுக்கு வந்து முதியோர் இல்லத்தில் முதல் வேலைக்குப் போனபோது, கூட வேலை செய்தவள் பாண் இருந்த சாப்பாட்டுப் பெட்டியை நீட்டி “எடு” என்றாள். நான் கூச்சத்தில் “வேண்டாம்” என்றேன். அவள் சரி என்று பெட்டியை மூடிவிட்டாள். அன்று முழுக்கப் பட்டினி. இரண்டு மாதத்தில் நான் திருந்திவிட்டேன். பசித்தால் ஓம், பசிக்காவிட்டால் இல்லை. முப்பது வருடத்துக்குமேல் இப்படியே பழகி, இப்போது ஊரிலிருந்து யாராவது வந்தால் நானும் ஒரு தரம் கேட்டுவிட்டு மூடிவைக்கிற ஆளாகிவிட்டேன். அவள் திருந்தவே இல்லை.

கொடுக்கும்போது மட்டுமில்லை, வாங்கும்போதும் அதே சட்டம்தான். புரட்டாதி கடைசியில் இங்கே தோட்டம் வைத்திருக்கிறவர்கள் கொட்டுப்படும் அப்பிளை என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டு வாசலில் பெட்டியில் போட்டு, ‘சும்மா எடுத்துக்கொண்டு போகலாம்’ என்று எழுதி வைப்பார்கள். ஹைமுக்குப் போகிற வழியில் ஒரு வீட்டில் அப்படி ஒரு பெட்டி. அவள் மூன்று நாள் அதைப் பார்த்துக்கொண்டே போய் வந்திருக்கிறாள்.

“எடுக்கிறதுதானே பிள்ளை? அதுக்குத்தானே வச்சிருக்கினம்.”

“ஆர் அக்கா என்னை எடு எண்டு சொன்னது? பேப்பர்தானே சொல்லுது.”

நாலாம் நாள் வீட்டுக்காரியே வெளியே வந்து எடுக்கச் சொல்லியிருக்கிறாள். இவள் வேண்டாம் என்றாள். அவள் இன்னொரு தரம் சொன்னாள். இவள் திரும்பவும் வேண்டாம் என்றாள். வீட்டுக்காரி நல்லதென்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். அன்று பின்னேரம் இவள் என் வீட்டுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

“என்ன மனிசர் அக்கா இவை? ரெண்டாந்தரத்தோட உள்ள போட்டா.”

நான் பையை எடுத்துக்கொண்டு போய் நாலு கிலோ அள்ளி வந்தேன். பொஸ்கோப் என்கிற சாதி அப்பிள், தோல் சொரசொரவென்று இருக்கும், புளி பல்லைக் கூசவைக்கும். கடித்துப் பார்த்துவிட்டு “அக்கா, இது மாங்காய்” என்றாள். உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு இரண்டு அப்பிளை அங்கேயே முடித்தோம். மிச்சத்தில் கேக் அடிக்கலாம் என்றாள்.

யாழ்ப்பாணத்தில் கலியாண வீடுகளுக்குக் கேக் அடித்துக் கொடுக்கும் ஒரு வீட்டில் அவள் வேலை செய்திருக்கிறாள். எங்கள் பேச்சில் கேக் செய்வதோ சுடுவதோ இல்லை, அடிப்பதுதான். அவள் அடிப்பதைப் பார்த்தால் அந்தச் சொல் ஏன் வந்தது என்று விளங்கும். பட்டரும் சீனியும் போட்ட சட்டியை மடியில் இறுக்கி வைத்து, மரக்கரண்டியால் ஒரே பக்கமாக முக்கால் மணித்தியாலம் அடிப்பாள். என்னிடம் மிக்சர் இருக்கிறது, நல்ல மிக்சர், மகள் வாங்கித் தந்தது. அதைத் தொடமாட்டாள். முட்டையை ஒன்றொன்றாக ஊற்றி அடிப்பாள். கறுவாவுக்குப் பதில் ஏலக்காய். அப்பிளைத் தோல் சீவி, நாலாகப் பிளந்து, முதுகில் கத்தியால் நெருக்கமாகக் கீறி, மாவின்மேல் வரிசையாக அழுத்தி வைப்பாள். வேகும்போது மா பொங்கி அப்பிளைப் பாதி மூடிவிடும்.

ஹைமில் ஓவன் கிடையாது. அதனால் அந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் சனிக்கிழமைகளில் என் குசினி அவளுடையது. என் கணவர் சனிக்கிழமை வந்தாலே “கேக் பிள்ளை வாறாவோ? அப்ப நான் வெளியில போறன்” என்று பயந்தவர் மாதிரிச் சப்பாத்தைத் தேடுவார். ஆனால் போகமாட்டார். இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டுப் போதும் போதும் என்று மூன்றாவதுக்குக் காத்திருப்பார். அந்த மனிசனுக்கு அந்த விளையாட்டு நன்றாகப் பிடித்திருந்தது.

அவளுடைய அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது இரண்டாம் வருடம். மஞ்சள் நிற உறையில் வருகிற கடிதம் நல்லதாக இருக்காது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். கடிதங்களை வாசித்துச் சொல்வது, டெர்மின் என்கிற அலுவலகச் சந்திப்புகளுக்குக் கூடப் போய் மொழிபெயர்ப்பது எல்லாம் எங்கள் ஆட்களுக்கு நான்தான். பதினொரு பக்கம். நிராகரிப்பு என்பது முதல் பக்கத்திலேயே இருந்தது. ஏன் என்பதை ஒவ்வொரு பந்தியாக வாசித்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஏழாம் பக்கத்தில் ஒரு வசனம். விசாரணையின் முடிவில், மேலும் சொல்ல ஏதும் உண்டா என்று கேட்கப்பட்டதற்கு, விண்ணப்பதாரி இல்லை என்று பதிலளித்தார்.

“என்ன பிள்ளை இது? இல்லை எண்டு சொன்னனீயோ?”

“ஓம் அக்கா.”

“சொல்லுறதுக்கு ஒண்டும் இருக்கேல்லையோ?”

அவள் மேசைத்துணியின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டு இருந்தாள்.

“இருந்தது. அவர் ஒருக்காத்தான் கேட்டவர் அக்கா. நான் இல்லை எண்டன். இன்னொருக்காக் கேப்பார் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன். அவர் பேப்பரை அடுக்கிக்கொண்டு எழும்பிட்டார்.”

“நீயா சொல்லியிருக்கலாமே?”

“வீட்டுக்குள்ள வந்தவங்கள் என்ன செய்தவங்கள் எண்ட கதையை, ஒரு ஆம்பிளைக்கு முன்னால, ஒருக்காக் கேட்டவுடன ஆர் அக்கா சொல்லுறது?”

அந்த அதிகாரியில் பிழை சொல்லவும் முடியாது. அவர் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறார், பதிலை எழுதியிருக்கிறார். இவளிலும் பிழையில்லை. நான் பதினொரு பக்கத்தையும் மடித்து உறைக்குள் வைத்தேன். அந்தக் கதையை என்னிடமாவது சொல்லச் சொல்லி நான் கேட்டிருக்கலாம். ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. கேட்டால் அதை நானும் சுமக்க வேண்டிவரும் என்று பயந்தேன்.

வழக்கறிஞர் பிடித்து வழக்குப் போட்டோம். இந்தத் தரம் அவள் சொன்னாள். பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்டு, மூன்று மணித்தியாலம் சொன்னாள். ஆனால் முதலில் கேட்டபோது இல்லை என்று சொன்னதை இப்போது ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். இரண்டாவது ‘இல்லை’ வந்தது. திருப்பி அனுப்பும்வரை வைத்திருக்க ஒரு கடுதாசி கொடுத்தார்கள். குறுக்கே சிவப்புக் கோடு போட்டது. அதற்கு டுல்டுங் என்று பெயர். எங்கள் ஆட்கள் அதையும் விசா என்றுதான் சொல்லிக்கொள்வார்கள்.

“டுல்டுங் எண்டால் தமிழில என்ன அக்கா?” என்று பஸ்ஸில் கேட்டாள்.

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் நிற்காது. “பொறுத்துக்கொள்ளுறது” என்று சொல்லிவிட்டேன்.

“என்னையோ?”

“ஓம்.”

“நான் என்ன அக்கா செய்தனான், அவை பொறுத்துக்கொள்ளுறதுக்கு?”

பஸ் இறக்கத்தில் இறங்கிக்கொண்டு இருந்தது. நான் வெளியே பார்த்தேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு தரம் அந்தக் கடுதாசியைப் புதுப்பிக்க வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஒரு ஐப்பசியில் ஈயத்தாளில் சுற்றிய கேக்கோடு வந்து நின்றாள். அங்கே ஒன்றும் வாங்கமாட்டார்கள், வாங்கினால் அவர்களின் வேலைக்கே ஆபத்து என்று தலைகீழாக நின்று சொன்னேன். கேட்கவில்லை. கவுண்டரில் இருந்த பெண் பிள்ளை, இருபத்தைந்து வயது இருக்காது, சிவந்துபோய் “நைன், டாங்க” என்றாள். இவள் ஈயத்தாளைக் கொஞ்சம் விரித்தாள். ஏலக்காய் வாசம் அறை முழுக்கப் பரவியது. மூன்று தரம் நீட்டினாள். மூன்று தரமும் அந்தப் பிள்ளை வேண்டாம் என்றாள். அந்த மூன்றாவதை மொழிபெயர்க்க எனக்கு நாக்கு எழும்பவில்லை.

பஸ் தரிப்பில் இருந்து அந்தக் கேக்கை நாங்கள் இருவரும் சாப்பிட்டோம்.

“கண் கேக்கிலதான் அக்கா நிண்டது,” என்றாள். “பாவம், சாப்பிட ஆசைதான்.”

கடைசியாக ஒரு வழி இருந்தது. மனிதாபிமான அடிப்படையில் ஒரு அன்ட்ராக், அதாவது இன்னொரு விண்ணப்பம். அதற்கு ஊர் ஆட்கள் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். கேக் சாப்பிட்ட அத்தனை பேரும் எழுதினார்கள். அப்பிள் பெட்டி வைத்த வீட்டுக்காரி எழுதினாள். தபால்காரர் தட்டச்சு தெரியாதென்று கையாலேயே இரண்டு பக்கம் எழுதினார். இந்தப் பெண்ணுக்கு ‘இல்லை’ என்ற சொல் விளங்காது, எங்கள் ஊருக்கு அது நல்லதாகத்தான் இருக்கிறது என்று அதில் இருந்தது. எல்லாவற்றையும் கட்டி அனுப்பினோம். அவள் நடை மாறிவிட்டது. மூன்றாம் தரம் கேட்கிறோம், இனித் தருவார்கள் என்று அவளுக்கு மனதில் உறுதி.

போன புரட்டாதியில் மஞ்சள் உறை வந்தது. நான் வாசித்து முடித்ததும், “மூண்டு தரமும் கேட்டாச்சு” என்றாள். அவ்வளவுதான். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும்.

இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. சேர்ச்சில் ஒரு அறை கொடுத்து அவளை வைத்துக்கொள்ளலாமா என்று பேச்சு நடந்தது. அங்கே இருந்தால் பொலிஸ் உள்ளே வந்து பிடிப்பது குறைவு. ஆனால் அதை நிர்வாகக் குழு கூடித்தான் முடிவெடுக்க வேண்டும். கூட்டத்துக்கு இரண்டு கிழமை இருந்தது. ஜெர்மன்காரருக்குக் கூட்டம் என்றால் வைத்த திகதியில்தான் கூட்டம்.

அந்தச் சனிக்கிழமையும் அப்பிளோடு வந்தாள். வழக்கம்போல் சட்டியை மடியில் வைத்து அடித்தாள். கணவர் வேலைக்குப் போயிருந்தார். நான் கேக் தட்டுக்குப் பட்டர் பூசிக்கொண்டு நின்றேன். அவள் அப்பிளைக் கீறிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

“அக்கா, ரெண்டு கிழமைக்கு உங்கட கீழ் அறையில நிக்கட்டோ?”

கீழ் அறையில் இஸ்திரிக்கை மேசையும் பழைய சூட்கேசுகளும்தான் இருந்தன. என் தலைக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடியது. ஒளித்து வைத்தால் எங்கள்மேலும் வழக்கு வரும். மகள் அப்போதுதான் அரசாங்க வேலை ஒன்றுக்கு எழுதிப் போட்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரன் குப்பை வாளி இடம் மாறினாலே கதவைத் தட்டுகிற ஆள். நாங்கள் வந்த புதிதில் முன்பின் தெரியாத ஒரு வீட்டில் ஏழு பேர் நிலத்தில் படுத்து எழும்பியதும் நினைவுக்கு வந்தது. வராமல் இல்லை.

“ஏலாது பிள்ளை,” என்றேன். “இவரையும் கேக்க வேணும். மகளின்ர வேலை அலுவலும் கிடக்கு.”

“ஓம் அக்கா. அது சரிதான்.”

கீறிய அப்பிளை எடுத்து மாவில் அழுத்தினாள். நான் தட்டுக்குப் பூசிய பட்டரையே திரும்பத் திரும்பப் பூசிக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், நான் காத்துக்கொண்டு இருந்தேன். இன்னொரு தரம் கேட்பாள் என்று இருந்தேன். அவள் கேட்டால், சரி வா, வந்து நில், வாறதை வரேக்க பாப்பம் என்று சொல்ல வாய்க்குள் வைத்திருந்தேன். முப்பது வருடம் ஜெர்மன்காரர் மாதிரி ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் இல்லை என்று வாழ்ந்தவளுக்கு, அன்றைக்கு மட்டும் பழைய புத்தி வந்திருந்தது. ஊர் முழுக்க மூன்று தரம் கேட்டவள் என்னை ஒரு தரத்தோடு விட்டுவிட்டாள். கேக் வெந்தது. ஆறவிட்டு வெட்டினாள். எனக்குப் பாதியை வைத்துவிட்டு மிச்சத்தை ஹைமுக்குக் கொண்டுபோனாள்.

செவ்வாய்க்கிழமை விடியப் பொலிஸ்காரர் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பக்கத்து அறையில் இருந்த எரித்திரியப் பெண் எனக்குப் போன் பண்ணினாள். நான் வேலை உடுப்போடு விமான நிலையத்துக்கு ஓடினேன். எந்த வாசல், எந்த விமானம் என்று யாரும் சொல்லவில்லை. டுசல்டோர்ஃப்பில் பயணப் பெட்டிகளுக்கு நடுவே மத்தியானம்வரை சுற்றிவிட்டுத் திரும்பி வந்தேன். குறித்த திகதியில் சேர்ச்சில் கூடினார்கள். அறை கொடுக்கலாம் என்று எல்லோரும் கை தூக்கினார்களாம். தபால்காரர் வந்து சொன்னார். நான் அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். ஒரு தரம் கேட்டேன், ஓம் என்று வாங்கிக் குடித்தார். என் கணவரிடம் அவள் கேட்டதை நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், அதுக்கென்ன, வரச் சொல்லியிருக்கலாமே என்று சொல்லிவிடுவார் என்று பயமாக இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து அவளுடைய இலங்கை நம்பர் கிடைத்தது. போன் பண்ணினேன். என் குரலைக் கேட்டதும் “சாப்பிட்டாச்சோ அக்கா?” என்றாள். ஒரு இடத்தில் நிரந்தரமாக இருக்கவில்லையாம். நாலு நாள் இங்கே, நாலு நாள் அங்கே என்று தெரிந்தவர்கள் வீடுகளில் மாறி மாறி நிற்கிறாளாம். முன்பு வீட்டுக்குள் வந்தவர்கள் திரும்பத் தேடி வந்தார்களா என்று கேட்டேன். “அதை விடுங்கோ அக்கா” என்றாள். அண்ணை எப்படி, மகளுக்கு வேலை கிடைத்ததா என்று விசாரித்தாள். கிடைத்துவிட்டது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சொன்னேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள்.

வைக்கப் போகிற நேரம் கேட்டுவிட்டேன்.

“பிள்ளை, அண்டைக்கு ஏன் நீ என்னைத் திருப்பிக் கேக்கேல்லை?”

அவள் யோசித்த மாதிரித் தெரியவில்லை.

“மற்ற ஆக்கள் மரியாதைக்கு வேண்டாம் எண்டவை அக்கா. நீங்கள் பயந்து சொன்னனீங்கள். பயந்த ஆக்களைத் திருப்பிக் கேக்கிறது பாவம்.”

நான் பயப்படவில்லை என்று சொல்லிவிட வேண்டும் போல இருந்தது.

“அக்கா, லைனில நிக்கிறீங்களோ?” என்று கேட்டாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் கேட்டாள். மூன்றாம் தரம் கேட்டால் பேசிவிடுவேன் என்று போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் வைத்துவிட்டாள்.